நொதிகள் பாடம்: மனப்பாடம் கைவிட்ட இடமும் உருளைக்கிழங்கு கைகொடுத்த இடமும்

பிளஸ் ஒன்னில் நொதிகள் (உயிர்களின் உடலில் வேதிவினைகளை வேகப்படுத்தும் பொருள்கள்) பாடத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனாலும் ஒரு நீட் மாதிரித் தேர்வில், நொதி எதை மாற்றுவதில்லை என்ற கேள்விக்குத் தப்பாகப் போட்டேன். 4 மதிப்பெண் போனதோடு கூடுதலாக 1 குறைந்தது. வினையின்போது ஆற்றல் ஏறி இறங்குவதைக் காட்டும், மேடு போன்ற அந்த வரைபடத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

வரைபடத்தில் தொடக்கமும் முடிவும் நகர்வதே இல்லை, நடுவிலுள்ள மேடு மட்டும்தான் தாழ்கிறது. அந்த மேடுதான் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை. நொதி ஆற்றலைக் கொடுப்பதில்லை, சமநிலையையும் மாற்றுவதில்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. திசுக்களில் கார்பன் டை ஆக்சைடை பைகார்பனேட்டாக மாற்றுவதும், நுரையீரலில் அதைத் திருப்பி மாற்றுவதும் இதே நொதிதான். எந்தப் பக்கம் போவது என்பதை அங்கங்கே உள்ள செறிவு தீர்மானிக்கிறது. நொதி வேகத்தை மட்டும் கூட்டுகிறது.

அப்புறம் வீட்டிலேயே ஒன்று செய்து பார்த்தேன். மருந்துக்கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடை (கண்ணில் படாமல் கவனமாக) பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் விட்டதும் பொங்கி நுரைத்தது. கிழங்கிலுள்ள கேட்டலேஸ் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நுரை அடங்கியதும் அதே துண்டில் மறுபடி விட்டேன், மறுபடி நுரைத்தது. நொதி வினையில் தீர்ந்துபோவதில்லை என்ற வரிக்கு அன்றைக்குத்தான் பொருள் புரிந்தது. வேகவைத்த துண்டில் ஒன்றும் நடக்கவில்லை. விடைத்தாளில் பலர் ‘நொதி இறந்துவிடும்’ என்று எழுதுகிறார்கள், அப்படி எழுதாதீர்கள். நொதி ஒரு புரதம். சூட்டில் அதன் முப்பரிமாண வடிவம் குலைகிறது, அதனால் இயல்பிழக்கிறது. குளிரில் வடிவம் குலையாது, வேகம் குறையும், அவ்வளவுதான்.

பூட்டுக்குச் சாவி போல நொதிக்கு ஏற்ற வடிவமுள்ள பொருளே அதில் பொருந்தும் என்ற பூட்டு-சாவிக் கருத்து எமில் ஃபிஷர், 1894. பொருள் வந்து சேரும்போது நொதி தன் வடிவத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் என்ற தூண்டப்பட்ட பொருத்தம் கோஷ்லாண்ட், 1958. இவற்றுக்கு இது போதும்.

அதிக நேரம் தர வேண்டியது, நொதியின் வேலையைத் தடுக்கும் பொருள்களான தடுப்பான்களுக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைப் பறித்தது சாராயத்தில் இருந்த மெத்தனால். கல்லீரலிலுள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அதிலிருந்து உண்டாகும் ஃபார்மிக் அமிலம்தான் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. மாற்றுமருந்தான ஃபோமெபிசோல், அந்த நொதியில் மெத்தனால் அமர்ந்து வினை நடக்க வேண்டிய இடத்தை, அதாவது கிளர்வு மையத்தை, தான் பிடித்துக்கொள்கிறது. போட்டித் தடுப்பு என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது இதைப் படித்த பிறகுதான்.

இடத்துக்குத்தான் போட்டி என்பதால், தளப்பொருளின் (நொதி மாற்றும் பொருள், இங்கே மெத்தனால்) செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் தடுப்பானை வெல்லலாம். ஆகவே உச்ச வேகம் மாறாது, மைக்கேலிஸ் மாறிலி (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவைப்படும் தளப்பொருள் செறிவு) மட்டும் கூடும். தடுப்பான் கிளர்வு மையத்துக்குப் போட்டியிடாமல் வேறிடத்தில் அமரும் போட்டியற்ற தடுப்பில் நேர்மாறு: உச்ச வேகம் குறையும், மாறிலி மாறாது. புத்தகத்தை மூடிவிட்டு, இரண்டு தடுப்புகளிலும் செறிவுக்கேற்ப வேகம் மாறும் வரைபடத்தை ஒரே அச்சில் வரைந்து பாருங்கள். எங்கே கை தயங்குகிறதோ, அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படியுங்கள்.