தனிக்கட்டை நாட்குறிப்பு

2024 மார்ச் 24, ஞாயிறு, மதுரை

தேர்தல் பயிற்சி வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஓய்வு பெற ஆறு மாதம்கூட இல்லாதவர்களைத்தான் விட்டுவிடுவார்களாம். எனக்கு இன்னும் ஒன்றேகால் வருடம் கிடக்கிறது.

"உங்களுக்கென்ன சார், தனி ஆளு. எங்களுக்குத்தான் பிள்ளைகுட்டி" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். 1988-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து இதே வசனம். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி அலுவலகத்தில் இருக்க வேண்டுமா, வெள்ள நிவாரணத்துக்கு ஆள் போக வேண்டுமா, சட்டசபை நடக்கும்போது கேள்விக்குப் பதில் தயாரிக்க ராத்திரி பத்து மணி வரை காத்துக் கிடக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தனி ஆள். வீட்டில் ஒருத்தர் குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்து வற்றவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நான் சொன்னதில்லை. புரிந்துகொண்ட இரண்டொருவரும் புரியாத மாதிரியே இருந்துகொண்டார்கள். அதுவும் ஒரு மரியாதைதான் என்று வைத்துக்கொள்வோம்.

முறைப்படி நான் போன வருடமே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். ஓய்வு வயது ஐம்பத்தெட்டாகத்தான் இருந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் ஐம்பத்தொன்பது ஆக்கினார்கள், 2021-ல் அறுபது. எங்கள் அனுபவத்தின் மேல் திடீரென்று வந்த மதிப்பு என்று சிலர் பூரித்துப் போனார்கள். மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 20, சனி

ஓட்டுப்பதிவு முடிந்து, பெட்டியை ஒப்படைத்து, வீடு வந்து சேர்ந்தபோது விடியப்போகிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. முதல் நாள் ராத்திரி இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன். இடுப்பு தனியாக வந்துவிட்டது.

காலையில் ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. ஐம்பது ஓட்டாவது போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் நிஜமான ஓட்டு தொடங்க வேண்டும். பகலெல்லாம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த மூன்று கட்சி ஏஜெண்டுகளும் மத்தியானம் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அதில் ஒருவர் எனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டு, "சாருக்குக் கல்யாணம் ஆகலையாமே, ஜாதகத்துல ஏதும் தோஷமா?" என்றார். செவ்வாய் தோஷம், வெள்ளி தோஷம், ஞாயிறு தோஷம், எல்லாம் இருக்கிறது தம்பி என்றேன். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

2019 தேர்தல் சித்திரைத் தேரோட்ட நாளிலேயே வந்து, மதுரையில் மட்டும் இரவு எட்டு மணி வரை ஓட்டுப்போட விட்டார்கள். இந்த முறை அந்தத் தொல்லை இல்லை. மீனாட்சிக்கு நாளைக்குத்தான் கல்யாணம்.

ஏப்ரல் 25, வியாழன்

ராத்திரி முழுக்க ராமராயர் மண்டபத்தில். அழகருக்கு தசாவதாரம். சாமி கும்பிடாதவன் எதற்குப் போகிறான் என்று, வீட்டில் குழம்போடு காத்திருக்கும் வாத்தியார் கேட்கிறார். மதுரையில் சித்திரையில் வீட்டுக்குள் இருக்க எந்த நாத்திகனுக்கும் மனசு வராது, எங்கள் அப்பா உட்பட. அவர் கருப்புச் சட்டைக்காரர். அழகர் ஆற்றில் இறங்குவதைத் "தத்துவ விமர்சனம் செய்வதற்காக" வருடா வருடம் போய்ப் பார்த்தவர்.

அழகரின் கதையை யோசித்துப் பாருங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு மலையிலிருந்து கிளம்புகிறார். நேரத்துக்கு வந்து சேரவில்லை, கல்யாணம் முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூர் போய்த் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார். மறுநாள் ராத்திரி மீனாக, ஆமையாக, கடைசியில் மோகினியாக நிற்கிறார். புடவை, நகை, ஒய்யாரம், எல்லாம். என் பக்கத்தில் நின்ற மீசைக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "என்ன அழகுடா!" என்று கண் கலங்கினார். அந்த மோகினிக்கும் சிவனுக்கும் பிறந்த பிள்ளைக்குத்தான் கார்த்திகையில் இந்த ஊரே மாலை போடுகிறது. அதே ஆள் என் வீட்டு மாடியில் இரண்டு ஆம்பளைகள் குடியிருப்பதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்க ஆசையாக இருந்தது. கூட்டம் நகர்ந்துவிட்டது.

ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவை டெல்லி உயர்நீதிமன்றம் 2009-ல் செல்லாது என்றதும் அப்பீலுக்கு ஓடியவர்கள் பட்டியலை எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். டெல்லியில் ஒரு ஜோதிடர், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்பு. ஒரு தண்ணீர்க் குழாயில்கூட ஒன்றாக நிற்காதவர்களை ஒரே வரிசையில் நிற்கவைத்த பெருமை எங்களுக்கு உண்டு. 2013-ல் உச்சநீதிமன்றத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். 2018 செப்டம்பர் 6-ல் நாங்கள். ஐம்பத்து மூன்று வயதில் நான் குற்றவாளி இல்லை என்று ஆனது. அன்றைக்கும் ஆபீசில் தணிக்கை.

ஜூன் 5, புதன்

தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து திமுக கூட்டணிக்கு நாற்பதுக்கு நாற்பது. தெருவில் வெடித்த சரத்தில் எங்கள் கொடித்துணி ஒன்று பொத்தலாகிவிட்டது. மோடிக்கு 240. நானூறு கேட்டவருக்கு.

காங்கிரஸ் தேர்தல் அறிக்கையில் எங்கள் மாதிரி ஜோடிகளின் சேர்ந்த வாழ்க்கையை அங்கீகரிக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்று ஒரு வரி இருந்தது, "விரிவான ஆலோசனைக்குப் பிறகு". 99 இடம் வாங்கி அந்த வரியும் எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. நம் ஊர்க் கட்சிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். மேடையில் பெரியார், கல்யாணப் பத்திரிகையில் நல்ல நேரம்.

போன வருடம் ஒரே பாலினத் திருமண வழக்கில் மத்திய அரசு இதெல்லாம் நகர்ப்புற மேட்டுக்குடிகளின் கருத்து என்று எழுதிக் கொடுத்தது. வாத்தியார் அதைப் படித்துவிட்டு எங்கள் டிவிஎஸ் ஃபிப்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்தார். மேட்டுக்குடி வண்டி, அழுக்காக இருக்கலாமா என்றார்.

செப்டம்பர் 6, வெள்ளி

போன மாதக் கடைசியில் மத்திய நிதித்துறை ஒரு அறிவிப்பு விட்டது: எங்களைப் போன்றவர்கள் கூட்டுக்கணக்கு தொடங்கத் தடையில்லை, துணையை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை. முன்பும் தடை இல்லையே? மூச்சு விடத் தடையில்லை என்று அரசாணை போட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் கிளம்பினோம்.

வங்கியில் இருந்த பெண் தங்கமானவர். "உறவுமுறை" என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வீட்டுக்காரம்மாவிடம் பத்தொன்பது வருடமாகச் சித்தப்பா மகன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம். வாத்தியார் கழுத்தில் சிலுவை, என் அப்பா படத்துக்குப் பக்கத்தில் பெரியார்; எந்தச் சித்தப்பா என்று அந்தம்மா இதுவரை கேட்டதில்லை. வாய் தானாக "சித்…" என்று தொடங்க, வாத்தியார் முந்திக்கொண்டு "நண்பர்னு போடுங்கம்மா" என்றார். போட்டார். ரேஷன் கார்டிலும் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம் என்கிறார்கள். அதற்கு எனக்குத் தைரியம் போதாது. எங்கள் கடைக்காரர் பாமாயில் கேட்டாலே விசாரணைக் கமிஷன் வைப்பவர்.

2025 ஜனவரி 11, சனி

ஓய்வூதியக் கருத்துருவைத் தொடங்கியாயிற்று. பணிப்பதிவேட்டைப் புரட்டினால் என் பதினைந்து கையெழுத்து, பதினைந்து விதமாக. களஞ்சியம் என்கிற அரசு இணையதளத்தில் எல்லாம் ஏற்ற வேண்டும்.

நான் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவன், பழைய ஓய்வூதியம். என் பிரிவில் இருக்கும் இளைஞனுக்கு, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஜமீன்தாரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். ஆனால் இந்த ஜமீனுக்கு வாரிசு கிடையாது. குடும்ப ஓய்வூதியம் என்றால் மனைவி, மக்கள், இல்லாவிட்டால் பெற்றோர். பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பணிக்கொடைக்கும் வைப்புநிதிக்கும் குடும்பம் என்று யாரும் இல்லாதவன் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்று விதி இருக்கிறது. அதாவது, எனக்குக் குடும்பமே இல்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தால், அப்புறம் வாத்தியார் பெயரை எழுதலாம். எழுதினேன். தனியார் பள்ளியில் கணக்கு நடத்துகிற மனிதர், பென்ஷன் என்ற சொல்லே அவர் பள்ளியில் கிடையாது. நான் முதலில் போனால் என் மாதப் பணமும் என்னோடு போகும். மாதாமாதம் என் சம்பளத்தில் குடும்பப் பாதுகாப்பு நிதி என்று பிடித்திருக்கிறார்களே, அது யாருடைய குடும்பத்துக்கு?

அந்தத் திருமண வழக்கில் 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றது. சீராய்வு மனுவையும் நேற்று முன்தினம் தள்ளிவிட்டார்கள். அலுவலகத்தில் யாருக்கும் இது செய்தியே இல்லை, எல்லாருக்கும் பொங்கல் போனஸ்.

இந்த இடத்தில் அப்பா ஞாபகம் வருகிறது. என் பெற்றோருக்கு 1963-ல் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றியதோடு சரி. சென்னை உயர்நீதிமன்றம் அதற்குப் பத்து வருடம் முன்பே இந்த மாதிரிக் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லியிருந்தது. நான் பிறந்தது 1965-ல். 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்து சட்டத்தைத் திருத்தினார். அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும் என்று எழுதினார்கள். ஆக, சில வருடம் நான் முறை தவறிப் பிறந்தவன், அப்புறம் ஒரு திருத்தத்தில் முறையாகிவிட்டேன். அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. அத்தனை வருடமும் அவள் மாமியார் வீட்டில் "கல்யாணமாகாதவள்" என்று பேச்சு வாங்கியவள். பழைய தேதிக்கும் சேர்த்துச் செல்லும் என்று எழுத இந்த மாநிலத்துக்குத் தெரியும், அதைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். வாத்தியார் சாப்பிடவில்லை. நான் கிண்டல் செய்யாமல் இருந்த இரண்டு வேளை உணவு, எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் இதுவே முதல்.

2023 கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, ஒரே பாலின ஜோடிகளையும் குருக்கள் ஆசீர்வதிக்கலாம் என்று வாடிகன் சொன்னது. கல்யாணம் மாதிரித் தெரியக்கூடாது, சடங்கு கூடாது, அதற்கான உடுப்பும் கூடாது. அப்புறம் விளக்கம் வேறு கொடுத்தார்கள், பத்துப் பதினைந்து வினாடி ஆசீர்வாதம் என்று. ரேஷன் கடையில் கைரேகை விழவே அதைவிட நேரமாகும் என்று அப்போது நான் சொல்ல, வாத்தியார் இரண்டு நாள் பேசவில்லை. "உங்களுக்குப் பதினைந்து வினாடி கேலி. நான் அறுபது வருஷமா பின்வரிசையில உக்காந்திருக்கேன்" என்றார். அவருக்கு வயது ஐம்பத்தேழுதான். கணக்கு வாத்தியார் கணக்கைத் தப்பாகச் சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

இன்று மாலைப் பூசைக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே டீக்கடையில் காத்திருந்தேன். பஜ்ஜி மோசம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணம் வாங்கும் ஈட்டிய விடுப்புச் சரண்டரை, ஐந்து வருடமாக நிறுத்தி வைத்திருந்ததை, மறுபடி தருகிறார்களாம். சட்டசபையில் அறிவிப்பு. அலுவலகமே லட்டு கொடுத்தது. அக்டோபர் 1 முதல். எனக்கு ஓய்வு ஜூன் 30. லட்டு மட்டும் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பிரிவு உபசார விழாவுக்கு வசூல் ஆரம்பித்துவிட்டார்கள். மோதிரமா, கைக்கடிகாரமா என்று ரகசியமாகச் சத்தம் போட்டு விவாதிக்கிறார்கள். எங்கள் வழக்கப்படி மேடையில் இரண்டு நாற்காலி, ஓய்வு பெறுபவர் ஒன்றில், வீட்டம்மா ஒன்றில், இருவருக்கும் மாலை. "சார் தனி ஆளு, ஒரு நாற்காலி போதும், மைக் வைக்க இடம் கிடைக்கும்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

பங்களிப்புத் திட்டத்து இளைஞன் மத்தியானம் என் மேசைக்கு வந்து, ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பேசினான். "சார், ரெண்டு மாலை சொல்லிட்டேன். வாத்தியார் சாரைக் கூட்டிட்டு வாங்க. அழைப்பிதழ்ல பேர் போடணுமா, வேண்டாமானு மட்டும் சொல்லுங்க." எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டேன். "என்ன சார், டிபன் கேரியர்லயே தெரியுமே. நீங்க சமைச்சா அப்படியா இருக்கும்?"

ராத்திரி வாத்தியாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். அப்புறம், ஜூன் 30 திங்கட்கிழமை, பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்றார். லீவு போடுங்க, சம்பளம் பிடித்தால் நான் தருகிறேன் என்றேன். மேடைக்கு வேட்டியா பேண்டா என்றார். வேட்டி என்றேன். இடுப்பில் நிற்காது, பேண்ட்தான் என்றார். பெயர் போடுவது பற்றி இன்னும் முடிவாகவில்லை. சாப்பாடு மட்டன் பிரியாணியா என்று கேட்டார். சைவம்தான் என்றதும், "முப்பத்தேழு வருஷம் உழைச்சதுக்கு இதுதானா?" என்று விளக்கை அணைத்தார்.