ஊசலில் பழகிய தாளம்

கிற்றார் பழக வருகிற பிள்ளைகளுக்குக் கண் எப்போதும் இடக்கையில்தான் இருக்கும். எந்த விரலை எந்தக் கட்டத்தில் வைப்பது, எஃப் கோர்ட் என்ற கடினமான பிடியை எப்படி நெரித்துப் பிடிப்பது என்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். நமது கல்லூரியில் எங்களுக்குக் கிற்றார் சொல்லித்தந்த மாஸ்ரர் அந்த வழியில் தொடங்கவில்லை. இடக்கை விரல்களைத் தந்திகளின் மேல் மெல்லக் கிடத்தி, சுரம் எழாமல் மூடிவைக்கச் சொல்வார். வலக்கை மட்டும் மேலும் கீழும் போய்வர வேண்டும். “சக், சக்” என்ற வெறும் சத்தம்தான் கேட்கும். வாரக்கணக்காக எங்களுக்கு அதுதான் பாடம். “இடக்கை பிழைச்சால் ஒரு சுரந்தான் பிழைக்கும். வலக்கை நிண்டால் பாட்டே நிண்டுபோம், தம்பி” என்பார்.

அவர் சங்கீத ஆசிரியர் அல்லர். எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்தவர். பள்ளிக்கூடம் விட்டபின் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்த மாமரத்தின் கீழ் எங்களை இருத்திச் சொல்லித்தருவார். காசு வாங்கியதில்லை. கல்லூரியின் பாட அட்டவணையில் கிற்றார் என்ற சொல்லே இல்லாத காலம் அது.

எழுபதுகளின் நடுப்பகுதி. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அந்தத் தட்டுப்பாடு கிற்றார்த் தந்தியில் தெரிந்தது. மெல்லிய முதலாம் தந்திதான் அடிக்கடி அறும். கொழும்புக்குப் போன யாராவது யாழ்தேவி ரயிலில் திரும்பி வரும்வரை மிச்ச ஐந்து தந்திகளோடு பழகுவோம். தடித்த தந்திகள் வியர்வையும் அழுக்கும் ஏறி மந்தப்பட்டால் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுத்து, துடைத்துத் திரும்பக் கட்டுவோம். கொஞ்ச நாளைக்கு ஒலி தெளிந்து நிற்கும். நிலைமை இப்படி இருக்க, தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவிக்கு எங்கே போவது?

மாஸ்ரர் ஆய்வுகூடத்து ஊசற்குண்டு ஒன்றை நூலில் கட்டி மாமரக் கிளையில் தொங்கவிட்டார். பௌதிகப் புத்தகத்தில் முதல் பக்கங்களிலேயே வருகிற எளிய ஊசல்தான். நூலின் நீளம் 99 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால், குண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக ஒரு செக்கன் எடுக்கும். அதாவது நிமிடத்துக்கு 60 தாள அடி. நூலை 44 சென்ரிமீற்றராகக் குறைத்தால் 90 அடி, 25 ஆக்கினால் 120 அடி. குண்டின் பாரம் எதையும் மாற்றாது. நூலின் நீளந்தான் கணக்கு. புதுப் பாட்டு எதையும் நீள நூலில் தொடங்குவோம். ஓரிடத்திலும் தட்டுப்படாமல் கடைசிவரை போனால்தான் நூலைக் கொஞ்சம் சுருட்டிக் கட்ட விடுவார். அவசரப்பட்டுச் சுருட்டுகிறவனைப் பார்த்து ஒன்றும் பேசமாட்டார். திரும்ப நீளமாக்கிவிட்டுப் போய்விடுவார்.

ஊசலுக்குச் சத்தம் இல்லை. இன்றைய கைபேசிச் செயலிகள் காதுக்குள் “டிக், டிக்” என்று ஓயாமல் அடித்துக்கொடுக்கின்றன; வாசிப்பவன் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். எங்களுக்கு அந்தச் சாய்மானம் இல்லை. ஊசலைப் பார்த்து வேகத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி எட்டுச் சுற்று வாசித்து, பிறகு கண்ணைத் திறந்து குண்டு எங்கே நிற்கிறதென்று பார்க்கச் சொல்வார். எங்கள் அடியும் குண்டும் ஒரே கரையில் சந்தித்தால் அடுத்தது பதினாறு சுற்று. இத்தனை வருடம் மேடையில் நின்றபிறகு உறுதியாகச் சொல்கிறேன், இதைவிட நல்ல தாளப் பயிற்சியை நான் எங்கும் காணவில்லை. நேரம் வெளியே இருந்து வராமல் உள்ளே ஊறுவதற்கு அந்த மூடிய கண்கள்தான் காரணம்.

இன்னொன்றையும் அந்த ஊசல் காட்டித்தந்தது. வீச்சம் குறைந்து குறைந்து குண்டு ஓயப்போகும்போதும் அதன் அலைவுகாலம், அதாவது ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம், மாறுவதில்லை. “சத்தத்தைக் குறைச்சு மெல்ல வாசிக்கச் சொன்னால் வேகத்தைக் குறைச்சு ஆறுதலா வாசிக்கிறியள். உதைப் பாருங்கோ, எவ்வளவு சின்னதா ஆடினாலும் பிந்துதே?” என்று கேட்டார். பாடகர் மென்குரலில் பாடும் இடங்களில் இன்றும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

அந்த நாட்களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாட்டுகளைப் பாடி ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கிற்றார் தூக்கிய பொடியன் எவனும் பைலா அடிக்காமல் தப்பமுடியாது. போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க மக்களின் ஆட்டபாட்டத்தில் வேர்கொண்டது பைலா. ஆறு எட்டு (6/8) என்ற கணக்கில், சுற்றுக்கு ஆறு எண்ணிக்கையாக ஓடும். ஒன்றிலும் நாலிலும் பெருவிரல் தடித்த தந்தியை அடிக்கும்; இடையில் உள்ள இரண்டிரண்டு எண்ணிக்கைக்கு மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளைத் தட்டும். எழுதினால் இவ்வளவுதான். அடித்தால் ஆட்டம் வராது! எங்கள் வகுப்பில் மிருதங்கம் பழகிய ஒருவன் வந்து பக்கத்தில் இருந்து “தகிட தகிட” என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டினான். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை என்று அவன் கோயிலடியில் பழகியதும் நாங்கள் துடுப்பாட்டப் போட்டிகளில் பாப்பரே என்ற பான்ட் வாத்தியத்துக்கு ஆடியதும் உறவென்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவனே எங்கள் குழுவின் ட்ரம்ஸ்காரன் ஆனான்.

உயர்தரம் படிக்கும்போதே கோயில் திருவிழாக்களுக்கு எங்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மாமரத்தின் கீழ் படித்ததெல்லாம் அங்கே சோதனைக்கு வந்தது. வீதி நெடுகக் கம்பங்களில் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டியிருப்பார்கள். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். 170 மீற்றர் தள்ளி நிற்கிற குழாயிலிருந்து எங்கள் பாட்டே அரைச் செக்கன் பிந்தி எங்களிடம் திரும்பிவரும். 120 அடி வேகத்தில் அது சரியாக ஓர் அடி. தூரத்தில் நிற்கும் சனம் கைதட்டினாலும் அதே கதை: நாங்கள் அடித்தது அவர்களிடம் போய், அவர்கள் தட்டியது எங்களிடம் வருவதற்குள் தாளம் முன்னே போயிருக்கும். அந்தக் கைதட்டோடு சேர ஆசைப்பட்ட குழுக்கள் பாட்டின் முடிவில் இழுபட்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். மேடையில் காதை விட ட்ரம்ஸ்காரனின் தோளை நம்பவேண்டும். தோள் இறங்குவதைக் கண் உடனே காணும்.

ஒருமுறை பாட்டின் நடுவில், மின்சாரம் தந்த லைற் எஞ்சின் நின்றுவிட்டது. வீதி முழுக்க இருட்டு. பாடகரின் மைக் போய்விட்டது, பேஸ் கிற்றார் போய்விட்டது, என் கிற்றாரில் தந்தியின் கிணுகிணுப்பு மட்டும் எனக்கே கேட்டது. ட்ரம்ஸ் நிற்கவில்லை. அதனால் நாங்களும் நிற்கவில்லை. ஒருவருக்கும் கேட்காத பாட்டை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தோம். சனம் முதலில் கூச்சலிட்டது, பிறகு விளங்கி அமைதியானது. எஞ்சின் திரும்பப் பிடித்தது. பாடகரின் குரல் உடனே வந்தது. எங்கள் பெட்டிகள் வால்வு அம்பிளிபையர்கள். சூடேறச் சில செக்கன் வேண்டும். பேஸும் கிற்றாரும் அடியிலிருந்து மெல்ல மெல்ல எழும்பி, ஓர் அடிகூடப் பிசகாமல் குரலோடு ஒட்டிக்கொண்டன. முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்துநின்று கைதட்டினார். மாஸ்ரரும் அன்று வந்திருந்தார். “ஊசல் ஆடினது தெரிஞ்சுது” என்றார். அதற்குமேல் அவர் பாராட்டிக் கேட்டதில்லை.

அந்தக் குழு இன்று மூன்று கண்டங்களில் சிதறிக் கிடக்கிறது. நான் ரொறன்ரோவில், பேஸ் வாசித்தவர் லண்டனில், மிருதங்கத்திலிருந்து வந்த ட்ரம்ஸ்காரன் மெல்பேர்ணில். 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது கணினி வழியே சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். முடியவில்லை. கோயில் வீதிக் குழாயின் பிந்தல் கடல் கடந்து வந்ததுபோல் ஆகிவிட்டது. ஆகவே ஒரே கிளிக் சத்தத்தைக் காதில் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் தனித்தனியே பதிந்து அனுப்பினோம். என் மகள் அவற்றைக் கணினியில் சேர்த்தாள். மெல்பேர்ண் ட்ரம்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் நாலாவது எண்ணிக்கையில் கிளிக்குக்கு மயிரிழை பின்னால் விழுவதைத் திரையில் காட்டி, “அப்பா, இதை நேராக்கிவிடட்டோ?” என்று கேட்டாள். நேராக்கியும் கேட்டோம். எல்லாம் சரியாக இருந்தது, ஆட்டம் மட்டும் போய்விட்டது. பதினேழு வயதிலும் அவன் அந்த நாலாவதை அப்படித்தான் அடித்தான். எங்கள் கைகள் அந்த மயிரிழைக்குப் பழகியவை. அவன் அடித்தபடியே விடச் சொன்னேன். நமது பழைய மாணவர் சங்கத்தின் இணையவழி ஒன்றுகூடலில் நீங்கள் கேட்டது அந்தப் பதிவுதான்.