பெல்ட் நன்றாகத்தான் இருந்தது

எங்கள் வேன் 2008 மாடல் ஹோண்டா ஒடிசி. கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு ஒடிசியோ சியன்னாவோ நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் பழைய வண்டியாக வாங்கினேன். “டைமிங் பெல்ட் போன வருஷம்தான் மாத்தினது” என்று விற்றவர் சொன்னார். பில் கேட்டேன். தேடித் தருகிறேன் என்றார். அதன்பின் போனை எடுக்கவில்லை.

போன குளிர்காலத்தில்தான் சத்தம் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இரண்டு மூன்று நொடி கேட்கும், பிறகு அடங்கிவிடும். காது வைத்துப் பார்த்தால் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்துதான் வந்தது.

இந்த வி6 எஞ்சினில் பிஸ்டன்கள் கீழே சுற்றும் கிராங்க் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம் தண்டுகளையும் ஒரே ரப்பர் பெல்ட்தான் பிணைத்து வைத்திருக்கிறது. வாட்டர் பம்ப்பையும் அதுவே சுற்றுகிறது. ஓடும்போது அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்து நிற்கும் வால்வில் வந்து இடிக்கும், வால்வு வளையும். அப்புறம் பதினாறு வயது வண்டிக்கு அந்தச் செலவைச் செய்வதா, காயலான் கடைக்கு அனுப்புவதா என்ற கேள்விதான் மிஞ்சும். மைனஸ் 29 டிகிரிக்குக் கீழே அடிக்கடி ஓட்டுபவர்கள் ஒரு லட்சம் கிலோமீட்டரிலேயே மாற்ற வேண்டும் என்கிறது ஹோண்டா கையேடு. ஸ்காபரோவில் அவ்வளவு குளிர் அபூர்வம். ஆனால் என் மீட்டர் 1,72,000-ஐத் தாண்டியிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் 1,400 டாலர் கேட்டார்கள். ஐசின் கம்பெனியின் முழு செட், அதாவது பெல்ட், வாட்டர் பம்ப், பெல்ட்டைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர், இரண்டு புல்லி எல்லாம் சேர்த்து எனக்கு 300 டாலர் ஆனது. மிச்சமாகும் பணம் ஒரு பக்கம். அந்த பெல்ட் மூடிக்குள் என்னதான் இருக்கிறது என்று நானே பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பு இன்னொரு பக்கம். விக்டோரியா டே லீவோடு சேர்த்து மூன்று நாள் இருந்தது. திங்கட்கிழமைக்குள் வண்டி ஓட வேண்டும் என்பது மனைவி போட்ட ஒரே நிபந்தனை.

சனிக்கிழமை காலை பேட்டரி ஒயரைக் கழற்றினேன். வலது முன் சக்கரத்தை எடுத்து, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பைப் பிரித்தேன். மேல் மூடிகள் இரண்டும் 10 எம்.எம். போல்ட்தான், சும்மா வந்துவிட்டன. ஒரு மணி நேரத்தில் இவ்வளவும் முடிந்ததும் இதற்கா 1,400 டாலர் என்று தோன்றியது. கிராங்க் புல்லி போல்ட்டில் கை வைக்காதவரை எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அது ஒரு 19 எம்.எம். போல்ட். தொழிற்சாலையில் முறுக்கியதோடு பதினாறு வருட உப்பும் துருவும் சேர்ந்திருக்கிறது. புல்லி சுற்றாமல் பிடிக்க 50 எம்.எம். அறுகோண ஹோல்டர் ஒன்று தேவை, அதை முதலிலேயே வாங்கியிருந்தேன். நீளமான பிரேக்கர் பாரை மாட்டி, அதன் முனையில் நாலடி இரும்புக் குழாயைச் செருகி, முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். எக்ஸ்டென்ஷன் கம்பிதான் முறுக்கிக்கொண்டது. போல்ட் அசையவில்லை. என் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் சத்தம் போட்டதோடு சரி. மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தேன். போல்ட் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்தவர். “தம்பி, உதை அப்பிடித் தொங்கிக் கழட்டேலாது. சொக்கெட் பாரமா இருக்கவேணும், அப்பதான் அடி உள்ளுக்குப் போகும். பொறும், வாறன்” என்று போய், ஏர் கம்ப்ரஸரையும் ஒரு தடித்த சாக்கெட்டையும் உருட்டிக்கொண்டு வந்தார். பத்து நொடி அடித்திருப்பார். டக் என்று விட்டுக் கொடுத்தது. அந்த சாக்கெட் இந்த ஹோண்டா போல்ட்டுக்கென்றே விற்கப்படும் எடை கூடிய வகை என்று அப்புறம்தான் தெரிந்தது. அதை நான் முன்பே வாங்கியிருந்தால் ஐந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

டீ குடிக்கும்போது அண்ணை ஊர்க் கதை சொன்னார். பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்புரேட்டரில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதை. “எங்கட ஆஸ்டின் ஏ ஃபோர்ட்டிக் காருக்கு உந்தப் பெல்ட்டுச் சோலியே இல்லை. உள்ளுக்கு செயின்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான வேலை. எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் எஞ்சினைத் தாங்கி, அதை வண்டியோடு பிடித்து வைக்கும் பக்கவாட்டு மவுண்ட்டைக் கழற்றினேன். கீழ் மூடியும் வந்த பிறகு கிராங்க்கில் ஒன்று, கேம்களில் ஒவ்வொன்று என மூன்று குறிகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, பெயிண்ட் பேனாவால் கோடு போட்டேன். டென்ஷனர் கையைப் பிடித்து வைக்க பேட்டரியை அழுத்தும் நீள போல்ட்டையே முனையைத் தேய்த்துப் பயன்படுத்தச் சொல்கிறது ஹோண்டா. விசித்திரமாகத்தான் இருந்தது, ஆனால் கச்சிதமாகப் பொருந்தியது.

பெல்ட்டை உருவியதும் பின்பக்க கேம் படாரென்று தானாகச் சுற்றியது. வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் அப்படித் தள்ளும் என்று படித்திருந்தேன். படித்திருந்தும் நெஞ்சு ஒரு கணம் நின்றது. சாக்கெட் போட்டு மெல்லக் குறிக்குத் திருப்பினேன்.

கழற்றிய பெல்ட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஹோண்டா என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. வாட்டர் பம்ப்பும் கம்பெனியில் போட்டதுதான். ஆக, போன வருஷம் மாற்றியதாகச் சொன்னவர் எதையும் மாற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால் பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. வெடிப்பு இல்லை, பல் தேயவில்லை. டென்ஷனர்தான் செத்துப்போயிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய்க் கசிவு, கையால் அழுத்தினாலே உள்ளே போனது. குளிர்காலக் கூழாங்கல் சத்தம் இதுதான். பெல்ட் தளர்ந்து பற்கள் தாவியிருந்தால் வால்வு வளையும் அபாயம் இருந்தது. பெல்ட்டை மட்டும் வாங்கி மாட்டிவிடலாமா என்று யோசித்தவன் நான்.

வாட்டர் பம்ப்பைக் கழற்றும்போது ரேடியேட்டரிலிருந்து வடித்தும் மிச்சமிருந்த கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், முழங்கை வழியாக வழிந்தது. அது இனிப்பாக இருக்கும், பூனை நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் தரையை இரண்டு முறை கழுவினேன். புது பம்ப்பின் போல்ட்டுகள் சின்னவை, இறுக்க வேண்டிய அளவு 12 நியூட்டன் மீட்டர்தான். கிராங்க்கோடு மல்லுக்கட்டிய கையால் இதை இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

புது பெல்ட்டை கிராங்க், ஐட்லர் புல்லி, முன் கேம், வாட்டர் பம்ப், பின் கேம், கடைசியில் டென்ஷனர் புல்லி என்ற வரிசையில் போட வேண்டும். போட்டு, டென்ஷனரை அமுக்கி வைத்திருக்கும் ஊசியை உருவி, கிராங்க்கைக் கையால் கடிகாரச் சுற்றில் ஆறு முறை சுற்றி, குறிகளைப் பார்த்தேன். பின் கேம் ஒரு பல் தள்ளி நின்றது. கோணம் காரணமாக அப்படித் தெரிகிறதோ என்று கண்ணாடி வைத்து, படம் எடுத்து, என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பத்து நிமிடம் முயன்றேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றினேன். டென்ஷனரை வைஸில் வைத்து மிக மெதுவாக அழுத்தி மறுபடி ஊசி போட ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாவது முறை பின் கேமில் பெல்ட்டை கிளிப்பால் கவ்விக்கொண்டு போட்டேன். ஆறு சுற்று. மூன்று குறியும் நேராக நின்றன. இன்னும் ஆறு சுற்றினேன். அப்போதும் நேராகவே நின்றன.

திங்கட்கிழமை மற்றதெல்லாம் பூட்டுவதிலேயே போனது. கூலன்ட் ஊற்றிக் காற்றை எடுத்து, சாவியைத் திருப்பும்போது இருட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து தெருமுனையில் விக்டோரியா டே வெடி ஒன்று வெடிக்க, கை தானாகச் சாவியை அணைத்தது. அண்ணை வாசலில் நின்று சிரித்தார். “அது வெடி தம்பி, உம்மட எஞ்சின் இல்லை. திருப்பும்.”

திருப்பினேன். சத்தமே இல்லாமல் ஓடியது. மேல் மூடியில் வெள்ளை டேப் ஒட்டி, தேதியையும் 1,72,480 கி.மீ. என்பதையும் எழுதினேன். ஐசின் செட்டின் பில்லைக் கவரில் போட்டு கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்து இந்த வண்டியை வாங்குபவர் கேட்காவிட்டாலும் அதைக் கொடுத்துத்தான் விற்பேன்.