சைலோ தெரிகிறதா?

ரொறன்ரோவில் பத்து வருடம் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தாதியாக ஹூரன் ஏரிக்கரைப் பக்கம் வந்தேன். கோட்ரிச்சில் இருந்து வடக்கே கின்கார்டின் வரைக்கும், உள்ளே லக்னோ வரைக்கும் என் சுற்று. இந்தியாவின் லக்னோ பெயரைத்தான் இந்தச் சின்ன ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். காலில் ஆறாத புண்ணுக்கு மருந்து கட்டுவது, இன்சுலின் போடுவது, கதீற்றர் என்ற சிறுநீர்க் குழாயை மாற்றுவது என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. பெரும்பாலும் பண்ணை வீடுகள், வயதானவர்கள்.

ஸ்நோ எனக்குப் பழகின விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த ஏரிக்கரை ஸ்நோ வேறு மாதிரி. நவம்பர், டிசம்பரில் ஏரித் தண்ணீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். வடமேற்கில் இருந்து குளிர்காற்று அதன்மேல் ஓடி வரும். தண்ணீருக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்கும் 13 பாகையாவது வித்தியாசம் இருந்தால், ஏரி ஆவியை மேலே அனுப்பத் தொடங்கிவிடும். அது ஒடுங்கிய பட்டை மேகமாகிக் கரையில் வந்து கொட்டும். இங்கே இதை ஸ்குவால் என்பார்கள். பட்டைக்கு வெளியே வெயில் அடிக்கும். பத்துக் கிலோமீற்றர் தள்ளி, பட்டைக்குள்ளே, முன்னால் போகிற லொறியே தெரியாது. ஏரி உறைந்தால்தான் இது அடங்கும். ஹூரன் ஆழமான ஏரி, சில வருடங்களில் கரையோரம் மட்டும் உறையும்.

இங்கே வந்த முதல் ஜனவரி மாதத்தில் நடந்தது இது. கோட்ரிச்சில் நல்ல வெயில். லக்னோவுக்கு அப்பால் தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டிய துணியை மாற்றப் போய்க்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலைக்குத் திரும்பி ஐந்து நிமிடம்கூட இருக்காது, எல்லாம் வெள்ளையாகிவிட்டது. வீதி, வயல், வானம் என்று பிரிக்க ஒரு கோடுகூட இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. கார் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. வேகமானியைப் பார்த்தால் இருபது காட்டுகிறது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ஓரத்து வேலிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து ஊர்ந்தேன். ஒரு கட்டைக்குப் பிறகு அடுத்த கட்டை வரவேயில்லை. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது என்று இங்கே எல்லாருமே சொல்லித் தருவார்கள். ஸ்நோ புகைக்குழாயை அடைத்தால் நச்சுவாயு காருக்குள் வரும்; அதனால் அதை மட்டும் கையால் துப்புரவாக்கிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். இரண்டரை மணி நேரம். 2010 டிசம்பரில் சார்னியாவுக்குப் பக்கத்தில் 402ஆம் நெடுஞ்சாலையில் முந்நூறு பேருக்கு மேல் இப்படி அகப்பட்டு, இராணுவ ஹெலிகொப்டர் வந்து மீட்ட கதை அப்போது ஞாபகத்துக்கு வந்து பயத்தைக் கூட்டியது. கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் உழவு இயந்திரத்தில் வந்து இழுத்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த மாதச் சம்பளச் சீட்டில் அந்த வீட்டுக்குப் பணம் இல்லை. போய்ச் சேராத வீட்டுக்குக் கூலி இல்லை என்பது அப்போதைய நிறுவனத்தின் விதி. எனக்கு அது இன்றைக்கும் ஆறாத விஷயம். பணத்தைவிட, அந்த விதி ஒரு தாதியை என்ன செய்ய வைக்கிறது என்பதுதான். திரும்பிப் போவதா, போய்ப் பார்ப்பதா என்று வீதியில் நின்று யோசிக்கும்போது வீட்டு வாடகையும் சேர்ந்து யோசிக்கும். பொலிஸ் வீதியை மூடினால் அதில் போவது குற்றம், சரி, அங்கே குழப்பம் இல்லை. மூடாத வீதிதான் ஆபத்து. அதில் திரும்பி வரும் முடிவை எடுக்கிறவளுக்குக் கூலியை வெட்டக் கூடாது. கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவ்வளவுதான்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீதியில் போடும் உப்பு கோட்ரிச் சுரங்கத்தில் இருந்து வருகிறது. 1959இல் தொடங்கிய, உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். ஏரிக்கு அடியில் ஏறக்குறைய 550 மீற்றர் ஆழத்தில் தோண்டுகிறார்கள். ஸ்நோவைக் கொட்டுவதும் அந்த ஏரி, அதைக் கரைக்கும் உப்பைத் தருவதும் அதே ஏரி. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, விடியமுன் நீல விளக்கோடு வரும், ஸ்நோவைத் தள்ளும் பிளவ் வண்டி உப்பைச் சிந்திக்கொண்டு போவதைப் பார்க்க மனம் இளகும். மைனஸ் 12க்குக் கீழே போனால் அந்த உப்பும் சரியாக வேலை செய்யாது, மணல்தான் போடுவார்கள்.

அப்புறம் நானும் அந்த அம்மாவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நவம்பர் பிறந்ததும் ஒரு வாரத்துக்கான கட்டுத்துணிகளை அவர் வீட்டில் வைத்துவிடுவேன். எப்படிச் சுற்றுவது என்று மருமகளுக்குப் பழக்கியிருக்கிறேன்: விரலடியில் தொடங்கி முழங்கால் வரை, ஒவ்வொரு சுற்றும் முன்னையதில் பாதியை மூட வேண்டும். அவர் வீட்டுக் குசினி ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்ப் பண்ணையின் சைலோ, அதாவது மாட்டுத் தீவனம் சேர்த்து வைக்கும் உயரமான கோபுரம், தெரியும். தூரம் நானூறு மீற்றர் இருக்கும். பார்வை அதற்குள் குறைந்து மூன்று மணி நேரம் நீடிக்கும் என்றால் வானிலை நிலையம் ஸ்குவால் எச்சரிக்கை விடும். அது அவருக்குத் தெரியாது. சைலோவைத்தான் தெரியும்.

காலை ஆறரைக்குப் போன் வரும். போன குளிர்காலத்தில் நாலு நாள் தொடர்ந்து, "இல்லை, இன்றைக்கும் தெரியவில்லை, வராதேங்கோ" என்ற அர்த்தத்தில்தான் பேசினார். ஐந்தாம் நாள் நான் ஹலோ சொல்லவும் விடவில்லை. "மேல் மூடி தெரிகிறது," என்றார், "கொஞ்சம் பொறு, பார்த்துச் சொல்கிறேன்." போனைக் காதில் வைத்தபடி சப்பாத்தைப் போடாமல் நின்றேன்.