சிபிசி தேர்வு: 240 நிமிடங்களை எப்படிப் பிரிப்பது?

பாடம் தெரிந்தும் நேரம் போதாமல் கோட்டைவிடக்கூடிய தேர்வு, ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சிபிசி. நோயையும் சிகிச்சையையும் கோடு எண்களாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்கான தேர்வு இது; கோடு புத்தகங்களைப் பார்த்தே விடையைத் தேர்ந்தெடுக்கலாம். 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி என்று கணக்கு வரும். எல்லாக் கேள்விக்கும் அதே அளவு நேரம் ஒதுக்குவதுதான் முதல் தப்பு.

புத்தகத்தை அதிகம் புரட்டாமல் முடிபவை 26 கேள்விகள்: மெடிக்கல் டெர்மினாலஜி 4, அனாட்டமி 4, கம்ப்ளையன்ஸ் (சட்ட விதிகள்) 3, கோடிங் கைட்லைன்ஸ் 7, ஐசிடி-10-சிஎம் (நோய்களுக்கான கோடுகள்) 5, ஹிக்பிக்ஸ் (மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கான கோடுகள்) 3. இவற்றை முதல் 27 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். சிபிடி (சிகிச்சைகளுக்கான கோடுகள்) சார்ந்த 64 கேள்விகளுக்குத் தலா இரண்டேகால் நிமிடம் என்றால் 144 நிமிடம். கடைசியில் வரும் 10 கேஸ்களுக்குத் (நோயாளி பற்றிய நோட்டைப் படித்துக் கோடு போடும் கேள்விகள்) தலா நாலரை நிமிடம், 45 நிமிடம். இதன்பின் 24 நிமிடம் கையில் நிற்கும். அதுதான் பிறகு பார்க்கலாம் என்று ஃப்ளாக் செய்தவற்றுக்கு. 99 நிமிடம் கழிந்தபோது 58 கேள்விகள் முடிந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பதும் நேர விரயம்தான்.

அதிக நேரத்தை விழுங்குவது, கேள்வியில் வரும் மருத்துவரின் நோட்டை முதல் வரியிலிருந்து படிப்பது. டெப்ரீட்மென்ட் (காயத்தில் கெட்டுப்போன திசுவை அகற்றுவது) பற்றிய நோட் அரைப்பக்கம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடைகள்: (அ) 11042; (ஆ) 11042, 11045; (இ) 11043; (ஈ) 11043, 11046. முதலில் இந்த நான்கையும் பாருங்கள். 11042 தோலடித் திசு வரை, 11043 தசை வரை. 11045, 11046 இரண்டும் 20 சதுர செ.மீ.க்கு மேல் போனால் சேர்க்கும் ஆட்-ஆன் கோடுகள். ஆக, நோட்டில் தேட வேண்டியவை ஆழமும் பரப்பும் மட்டுமே. தசை வரை அகற்றினார்கள், 30 சதுர செ.மீ. என்றால் 11043, 11046. வயது, சர்க்கரை நோய், மயக்க மருந்து எதையும் தொட வேண்டாம். ஆனால் காயத்தில் தசை தெரிகிறது என்பது போதாது. தசையை அகற்றியிருக்க வேண்டும். அவசரத்தில் பலர் சறுக்குவது இங்கேதான்.

விடைகளில் கோடு எண் இருக்கும்போது இன்டெக்ஸுக்குப் போவதும் வீண். நேராக அந்த எண்ணுள்ள பக்கத்துக்குப் போங்கள். கோடின் கீழே அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறிப்பு பல நேரம் இரண்டு விடைகளை ஒரே அடியில் வெட்டிவிடும்.

ஈ அண்ட் எம் கேள்விகளில் (மருத்துவர் நோயாளியைப் பார்த்து ஆலோசனை தரும் விசிட்டுகளுக்கான கோடுகள்) மருத்துவ முடிவெடுப்பு அட்டவணை உள்ள பக்கத்துக்கு அடையாள டேப் ஒட்டி வையுங்கள். பிரச்சினை, டேட்டா, ரிஸ்க் மூன்றில் இரண்டு பொருந்தினாலே லெவல் உறுதி. பிரச்சினையும் ரிஸ்க்கும் ஒரே லெவலில் நின்றால் டேட்டாவை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

புத்தகத்தில் டேப் ஒட்டலாம், கோடிங் வேலைக்கு உதவும் குறிப்புகளைக் கையால் எழுதிவைக்கலாம். தனித்தாள் ஒட்டுவதும் செருகுவதும் கூடாது. டேப்பும் அளவோடு இருக்கட்டும். நூறு டேப் இருந்தால் தேடுவதற்கே அரை நிமிடம் போகும்.

பயிற்சியை 25 கேள்வி, 60 நிமிடம் என்ற துண்டுகளாகத் தொடங்குங்கள். எந்தப் பிரிவில் எத்தனை நிமிடம் கூடுதலாகப் போனது என்று எழுதிவையுங்கள். தப்பான விடைகளைவிட இந்தப் பட்டியல்தான் அதிகம் சொல்லித்தரும். பிறகு குறைந்தது இரண்டு முறையாவது 4 மணி நேரம் முழுதாக உட்காருங்கள். மூன்றாவது மணி நேரத்தில் கண்ணும் கவனமும் தளரும். அதற்கு உடம்பைப் பழக்காமல் போனால், கேஸ்களில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு கேள்வி 3 நிமிடத்தைத் தாண்டினால், நிச்சயமாகத் தப்பான விடைகளை நீக்கி, மிச்சத்தில் ஒன்றைக் குறித்து, ஃப்ளாக் செய்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை; வெற்றாக விட்டதும் தவறாகத்தான் எண்ணப்படும். எனவே கடைசி 5 நிமிடத்தில் புதிதாக எந்த நோட்டையும் திறக்காதீர்கள். குறிக்காமல் விட்ட கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.