பஞ்சில் ஒட்டிய சாம்பல்

பேட்டரி தொழிற்சாலையின் மருத்துவ அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ரத்தம் எடுக்க ஒருவரின் முழங்கை மடிப்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சாம்பல் நிறமானது. அடுத்த பஞ்சும் அப்படியே. தோலில் இருக்கும் ஈயத்தூசி கலந்துவிட்டால் அளவு தப்பாகக் கூடிவிடும். அதனால் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொல்லி, அப்புறம்தான் ஊசி போட்டேன்.

ஈயம் என்றால் ரத்தசோகை, வயிற்றுவலி, நரம்புத் தளர்ச்சி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. தகடுகளில் ஈயப் பசை பூசும் பேஸ்டிங் பிரிவில் இருந்த ஒரு அண்ணன் அடிக்கடி சளி, இருமல் என்று வருவார். ஒருமுறை கையில் வந்த கட்டி ஆறவே மாட்டேன் என்றது. வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. "எல்லாம் நார்மல்தான் அண்ணே" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது. பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது: வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறையாமலே அவற்றின் வேலையை ஈயம் கெடுக்கும். வெள்ளணுக்களில் ஒரு வகை டி செல்கள். அவற்றில் உதவி செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அதில் ஒரு பிரிவு, செல்லுக்குள் ஒளியும் கிருமிகளோடு மல்லுக்கட்டுவது. இன்னொரு பிரிவு, ஐஜிஇ போன்ற எதிர்ப்பொருள்களைத் தூண்டி ஒவ்வாமைப் பக்கம் இழுப்பது. ஈயம் முதல் பிரிவை அமுக்கி, இரண்டாவதைத் தூக்கிவிடுகிறது. கிருமியை விழுங்கும் செல்கள் அதைக் கொல்லச் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. வெளியே அறிகுறியே தெரியாத அளவு ஈயம் கொடுத்த எலிகள்கூட சால்மோனெல்லா கிருமிக்கு எளிதில் பலியாகின என்று 1971-லேயே ஆய்வு வந்திருக்கிறது.

அண்ணனின் சளிக்கு ஈயம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நார்மல் என்று சொன்னது தவறு. அவர் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி.

அவரைத் தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நாலைந்து முறை நடையாய் நடந்த பிறகுதான் மாற்றினார்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் படிந்தது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவர், வேலைச் சட்டையின் கைமடிப்பைப் பிரித்துப் பார்த்தார். மடிப்புக்குள் ஒரு கோடாகத் தூசி.

"இதோடதான் வீட்டுக்குப் போவேன். சின்னவன் ஓடிவந்து கட்டிக்குவான். அவனுக்கும் இழுப்பு இருக்கு. ரத்தம் பார்க்கலாமா?"

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க அண்ணே. சட்டையை இங்கேயே மாத்திட்டுப் போங்க" என்றேன்.