கம்பிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர்

அக்டோபர் 6

600 மி.மீ. விட்டமுள்ள பைலுக்கு, அதாவது மண்ணில் துளையிட்டுக் கான்கிரீட் வார்க்கும் அடித்தளத் தூணுக்கு, கம்பிக் கணக்கு முடிந்தது. செங்குத்துச் சுமைக்கு மட்டும் என்றால் பைல்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2911 கேட்கும் குறைந்தபட்ச எஃகு, குறுக்குப் பரப்பில் 0.4 சதவீதம், அதாவது 1,131 சதுர மி.மீ., போதும்; ஆறு 16 மி.மீ. கம்பிகளே 1,206 தந்துவிடும். ஆனால் மேலே ஒன்பது மீட்டரும் கால் புதையும் களிமண். பக்கவாட்டு விசை வந்தால் அந்த மண் பைலைப் பிடித்து நிறுத்தாது. வளைவையெல்லாம் கம்பிதான் தாங்க வேண்டும். பன்னிரண்டு 20 மி.மீ. என்று எழுதிவைத்தேன்: 3,770.

அக்டோபர் 7

இரவு இரண்டு மணிக்கு எழுந்து கம்பிக் கூட்டை வரைந்து பார்த்தேன். நிலத்தடி நீர் உப்பு என்பதால் கவர் (கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடல்) 75, ஸ்பைரல் (கூட்டைச் சுற்றும் கம்பி) 8. கம்பிகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம் 414. அதன் சுற்றளவில் பன்னிரண்டைப் பரப்பினால் நடுவே மிஞ்சுவது 88. விதி கேட்பது 100.

அக்டோபர் 8

பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே என்று யாரும் சொல்லிவிடலாம். கான்கிரீட்டைத் துளையின் அடிவரை கொண்டுசெல்லும் டிரெமி குழாய் நடுவில் நிற்கிறது. கான்கிரீட் அடியிலிருந்து எழும்பும்போதே கம்பிகளுக்கு இடையே வெளியேறி, துளை சரியாமல் இருக்க நிரப்பிய, சுவர்வரை இருக்கும் பெண்டோனைட் களிமண் குழம்பைத் தள்ளிக்கொண்டு மேலே போக வேண்டும். இடைவெளி குறுகினால் கூட்டுக்குள் மட்டம் உயர்ந்தும் வெளியே தாழ்ந்தும் போய், கம்பிக்குப் பின்னால் குழம்பு சிக்கிக்கொள்ளும். ஒரு பழைய சைட்டில் பைலின் தலையை உடைத்தபோது கம்பிக்கு வெளியே விரலால் தோண்டியெடுத்த சாம்பல்நிறச் சேறு என் நகக்கண்ணில் இன்னும் இருப்பதுபோல் தோன்றுகிறது. அங்கும் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நீளம் போதாமல் கம்பியோடு கம்பியைப் பக்கத்தில் வைத்து இணைக்கும் ஒட்டு விழும் இடத்தில் கம்பிகள் இரட்டிப்பாகும். அங்கே 88 இல்லை, 68.

அக்டோபர் 10

எட்டு 25 மி.மீ. கம்பிகள். பரப்பு 3,927; இடைவெளி 135; ஒட்டிலும் 110. மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எஃகு கூடும். 20 மி.மீ. கம்பி ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது என்று ஒப்பந்தக்காரர் வருத்தப்பட்டார். வருத்தம் நியாயமானதே. வரைபடத்தை மாற்றிக் கையெழுத்திட்டேன்.

அக்டோபர் 11

மழை.

அக்டோபர் 14

முதல் கூடு கட்டி முடிந்தது. தூக்கும்போது கோணாமல் இருக்க 1.5 மீட்டருக்கு ஒரு 16 மி.மீ. வளையம். பைலின் 22 மீட்டர் நீளத்தை ஒரே கம்பியில் எடுக்க முடியாது. 12 மீட்டர்த் துண்டை மேலே வைத்து, வளைவு மிகுந்த பகுதிக்குக் கீழே ஒட்டு விழும்படி செய்தேன். ஒட்டு நீளம் 1,250. டேப்பைப் பிடித்து எட்டு இடைவெளிகளையும் அளந்தேன். "நேத்தே அளந்தீங்களே சார்" என்றார் கம்பி மேஸ்திரி. ஒன்று 128, மற்றவை சரி. அந்த ஒன்றைப் பிரித்துக் கட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கட்டினார்.

அக்டோபர் 16

காலை ஏழுக்குக் கூடு இறங்கியது. கூட்டைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் எதுவும் உடையவில்லை. கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் 170. கான்கிரீட் வேகமாக ஏறினால் கூட்டையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்பதால், தலையில் ஒரு கம்பியில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நகரவில்லை. வெட்டிய துளைக்கே 6.2 கன மீட்டர் வேண்டும். களிமண்ணில் துளை அகன்றிருந்தால் இன்னும் கூடும். முதல் வண்டியில் வந்தது 6. மழை மறுபடியும் தொடங்கிவிட்டது. டிரெமி உள்ளேதான் நிற்கிறது. இரண்டாவது வண்டி இன்னும் வரவில்லை.